பண்டத்தரிப்பும் நத்தார் இரவும்

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ இல்லங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு ஆயத்தமாகின்றன. நத்தார் என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். பிறப்பு என்பது அதன் பொருள். இயேசு பாலன் பிறந்த இரவில் மண்ணுலகுக்குச் சமாதானம் கூறப்பட்டது என்பர் கிறிஸ்தவர். அச்சமாதானம் எளிதிற் கிட்டுவதன்று என்பதற்குப் பண்டத்தரிப்பின் வரலாறே சான்றாகும்.

1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் காலத்திற் பண்டத்தரிப்பிலும் கத்தோலிக்க ஆலயம் எழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தனர். அவர்களும் கிறிஸ்தவரே, ஆயினும் கத்தோலிக்க ஆலயங்களைத் தம் சபைக்கு உரியனவாக்கினர், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்றும் கட்டளையிட்டனர். 1672இல் வெளிவந்த பால்தேயு பாதிரியாரின் நூலிற் பண்டத்தரிப்பு ஆலயம் ஒல்லாந்தர் சபைக்குரியதாகவே காட்டப்பட்டுள்ளது.

இந்நிலையில், 1687இற் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்திற் கிடந்த செபமாலை ஒன்றே அவர் யாரென்பதை விசுவாசிகளுக்கு உணர்த்திற்று. பண்டத்தரிப்பை அடுத்த சில்லாலைக் கிராமத்து மக்கள் அவரைத் தம்மிடையே மறைத்துப் பேணினர். அவர்கள் இட்ட அன்னத்துக்கு ஈடாக உயிரையே கொடுக்க நேரலாம் என்பதை அறிந்தே அதனைச் செய்தனர்.

1690ஆம் ஆண்டையொட்டிய ஒரு நத்தார் இரவில், யாழ்ப்பாணத்து வீடுகளில் இரகசியமாகக் கூடி வழிபட்டோரை ஒல்லாந்தர் வளைத்துப் பிடித்தனர். ஒல்லாந்தர் சபையை விட்டுக் கத்தோலிக்கராகியிருந்த தொன் பேதுரு என்பார் கசையடியால் உயிர் நீத்தார். வேறு சிலர் விலங்கு பூட்டப்பட்டுக் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர்.

பின்னர்க் கண்டி சென்ற அடிகளார் முதலிற் சிறைப்பட்டாரெனினும், பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார். 1697இல் வைசூரி பரவியபோது, சமயம் பாராது நோயாளருக்குத் தொண்டு செய்து அக்கடனைத் தீர்த்தார். கிறிஸ்தவர் மறுத்த நிழலை வேற்றுச் சமயத்து வேந்தன் அளித்தமை எண்ணத்தக்கது. 1711இற் கண்டியிலேயே மறைந்த அடிகளார் 2015இற் புனிதராகப் பிரகடனம் செய்யப்பட்டார்.

1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினர். 1820இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் யோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிற் குடியேறி வைத்தியசாலை அமைத்தார். இலங்கைக்கு வரும் வழியில், கல்கத்தாவிலே தம் சிறு மகளை அடக்கம் செய்துவிட்டு வந்தவர் அவர். புரொட்டஸ்தாந்தரான அவரிடம் சைவரும் கத்தோலிக்கரும் மருந்து பெற்றனர். அவர் பேர்த்தி ஐடாவே வேலூர் மருத்துவமனையை நிறுவியவர்.

1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் போரினால் ஒரேயிரவில் ஊர்விட்டுப் பெயர்ந்தனர். அவ்வாண்டு நத்தாரைப் பலர் தென்மராட்சியிலும் வன்னியிலும் அகதிகளாகவே கழித்தனர். பிறந்த பாலனைக் கிடத்த இடமின்றி அலைந்த குடும்பத்தின் கதை அன்று அவர்களுக்குச் சொந்தக் கதையாயிற்று. போர் 2009இல் ஓய்ந்தது. காணாமற்போனோரை எதிர்நோக்கும் கண்ணீர் இன்னும் ஓயவில்லை.

ஆதலின், நத்தார் நள்ளிரவில் அச்சமின்றி ஒலிக்கும் ஆலயமணி சிறு பேறன்று. சில்லாலையார் மறைத்து வைத்த விசுவாசமும், கண்டி மன்னன் தந்த நிழலும், ஸ்கடர் இட்ட மருந்தும் அதில் அடங்கியுள்ளன. அவற்றுக்கு நன்றி கூறுவோர், தமக்கு வேண்டும் சமாதானத்தை அயலவருக்கும் வேண்டுதலே முறையாகும்.