பாசியின் சுவரைத் தளர்த்திய கதை

மழைக்காலத்தில் ஈரச் சுவர்களிலும் வயல் நீரிலும் நீலமும் பச்சையும் கலந்த வழவழப்பான படலம் ஒன்று படர்வதை நாம் பார்த்திருக்கிறோம். இதனை நீலப்பசும் பாசி என்பர். பெயர்தான் பாசி; உண்மையில் இது பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. சூரிய ஒளி, நீர், கரியமில வாயு ஆகியவற்றைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும். அவ்வாறு ஆக்கும் பொருள்களுள் கொழுப்பு அமிலமும் ஒன்று. கொழுப்பு அமிலத்திலிருந்து சோப்பும் செய்யலாம். டீசலுக்கு ஈடான எரிபொருளும் செய்யலாம். அப்படியானால் பாசியைத் தொட்டியில் வளர்த்து எண்ணெய் எடுத்தால் என்ன?

இக்கேள்வி புதியதன்று. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1978-இல் அமெரிக்க அரசு பலவகைப் பாசிகளிலிருந்து எரிபொருள் பெறும் ஆய்வுத் திட்டமொன்றைத் தொடங்கியது. சுமார் இரண்டரைக் கோடி டாலர் செலவிட்டபின் 1996-இல் அது நிறுத்தப்பட்டது. பாசி நன்றாகவே வளர்ந்தது. ஆனால் பாசி எண்ணெய் பெட்ரோலியத்தோடு விலையில் போட்டியிட இயலவில்லை. கொழுப்பு செல்லுக்குள்ளேயே அடைபட்டிருப்பதும் ஒரு காரணம். செல்களைத் திரட்டி, நீரை நீக்கி, உடைத்து, கொழுப்பைப் பிரித்தெடுக்க வேண்டும். படிக்குப் படி செலவுதான்.

இதற்கிடையே வேறொரு வழி திறந்துகொண்டிருந்தது. நீலப்பசும் பாசியின் செல், வெளியிலிருந்து தரும் டி.என்.ஏ.யை ஏற்று, தன் மரபுப் பண்பை மாற்றிக்கொள்ளும் என்பதை 1970-இல் மாஸ்கோவில் ஷெஸ்தகோவும் அவருடைய துணை ஆய்வாளரும் அறிவித்தனர். 1996-இல் சினெக்கோசிஸ்டிஸ் என்னும் வகையின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஜப்பானின் கசூசா ஆய்வு நிறுவனம் படித்து முடித்தது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களுள் இவ்வாறு முழுமையாகப் படிக்கப்பட்டது இதுவே முதலாவது.

இனி ராய் கர்ட்டிஸ் என்பவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1970-களில், மரபணு மாற்றிய பாக்டீரியா ஆய்வகத்திலிருந்து தப்பிவிடுமோ என்ற அச்சம் அறிவியலாரிடையே எழுந்தது. அலபாமா பல்கலைக்கழகத்தில் கர்ட்டிஸ் குழுவினர் ஈ.கோலி பாக்டீரியாவின் நலிந்த வகையொன்றை உருவாக்கினர். ஆய்வகத்தில் ஊட்டும் ஒரு குறிப்பிட்ட பொருள் கிடைக்காவிட்டால் அதனால் செல் சுவரைக் கட்ட முடியாது, வெடித்து அழியும். பாதுகாப்புக்காகச் சுவரில் கைவைத்த முறை அது.

அதே கர்ட்டிஸ், பல ஆண்டுகளுக்குப் பின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கொழுப்புக்காகச் சுவரில் கைவைத்தார். செல்லுக்குள் கொழுப்பு அமிலம் ஒரு புரதத்தின்மேல் ஏறி நின்றே நீளமாக வளர்கிறது. அதனைக் கீழே இறக்கிவிடும் நொதிக்குத் தயோஎஸ்டரேஸ் என்று பெயர். அந்த நொதிக்குரிய மரபணுவைச் சினெக்கோசிஸ்டிஸில் புகுத்தினர். இறங்கிய அமிலத்தைச் செல் மீண்டும் எடுத்துக்கொள்ளும் வழியை அடைத்தனர். செல்லின் மேலுறையை நீக்கிச் சுவரையும் தளர்த்தினர். அமிலம் தானாகவே வெளியே கசிந்தது! 2011-இல் வெளியான முடிவின்படி, சிறந்த வகையொன்று லிட்டருக்கு 197 மில்லிகிராம் அளவுக்குக் கொழுப்பு அமிலத்தை வெளியிட்டது.

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த அளவில் ஒரு கிலோ அமிலத்துக்குச் சுமார் 5,000 லிட்டர் வளர்ப்பு நீர் தேவை. ஒரு கிலோவை எரித்தால் கிடைப்பது ஏறக்குறைய 4 கோடி ஜூல். 5,000 லிட்டர் நீரையும் ஆவியாக்கிப் பிரிப்பதானால் 1,100 கோடி ஜூலுக்கு மேல் வேண்டும். வரவைப்போல் ஏறத்தாழ 300 மடங்கு செலவு! ஆகவே எவரும் அவ்வாறு செய்யமாட்டார்கள். நீரில் எளிதில் கரையாத அமிலம் வெளியே வந்து தானாகப் பிரிந்தால், நீரை விரட்டும் வேலையே குறைகிறது. சுவரைத் தளர்த்தியதன் பயன் இப்போது விளங்குகிறது அல்லவா?

ஆயினும் கணக்கு இன்னும் முடியவில்லை. இத்தகைய மாற்றம் பெற்ற பாசியில் ஒளிச்சேர்க்கை குன்றுவதையும் பச்சையம் சிதைவதையும் 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். தான் தரும் கொழுப்பே பாசியைத் தளர்த்துகிறது. பால் கறக்கலாம், பசுவும் பிழைத்திருக்கவேண்டும். நலிவுறாமல் கொழுப்பைத் தரும் செல்லை ஆக்குவதே இனி ஆய்வாளர்முன் உள்ள பணி.