மாதிரியாக இருக்க மறுத்த பெண்: ‘சகுணா’ நாவலும் நம் வாசிப்பும்

வளர்பருவ நாவல்களைப் பற்றிய ஓர் இயலை எழுதிக்கொண்டிருக்கிறேன். அதன் முதல் வரைவில் கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’வைக் குறித்து ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணின் பிரதிநிதித்துவக் குரல்’ என்று எழுதியிருந்தேன். நாவலை மூன்றாம் முறை வாசித்தபின் அந்த வரியை அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதே இப்பதிவு.

கிருபாபாய் 1862இல் அகமதுநகரில், கிறிஸ்தவத்தைத் தழுவிய மராத்தியப் பிராமணப் பெற்றோருக்குப் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். அவருக்கு வாசிப்பின் வாசலைத் திறந்துவைத்த தமையனும் இளவயதிலேயே இறந்தார். பம்பாயில் கல்வி பயின்றபின் மருத்துவம் படிக்க விரும்பினார். இங்கிலாந்து சென்று பயிலும் வாய்ப்பு அமைந்தும் உடல்நிலையைக் காரணம் காட்டி அவர் அனுப்பப்படவில்லை. அதற்கு மாற்றாக 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி பெண்களை அனுமதிக்கத் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓராண்டுப் படிப்புக்குப்பின் உடல் நலிந்தது. மருத்துவக் கனவு அத்துடன் முடிந்தது. பின்னர் சாமுவேல் சத்தியநாதனை மணந்து, எழுத்தின்பால் திரும்பினார். 1887-88இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் ‘சகுணா’ தொடராக வந்தது. 1894இல், தம் முப்பத்திரண்டாம் வயதில், அவர் மறைந்தார்.

நாவலின் கதை பெரும்பாலும் இவ்வாழ்க்கையை ஒட்டியே செல்கிறது. ஆயினும் அதன் அமைப்பு கவனத்திற்குரியது. ஐரோப்பிய வளர்பருவ நாவலின் பொதுவான போக்கில், இளைஞன் ஒருவன் வீட்டை விட்டு வெளியேறி, உலகத்தோடு மோதி, இறுதியில் தனக்கென ஓர் இடத்தைக் கண்டடைவான். சகுணாவின் கதையோ சகுணாவிடமிருந்து தொடங்கவில்லை. நாவலின் முற்பகுதி அவளுடைய தாய் ராதாவின் இளமையைச் சொல்கிறது. சிறுமியாக மணம் முடிக்கப்பட்டவள் ராதா. கணவன் மதம் மாறியபோது தன் சுற்றத்தையும் வழிபாட்டையும் இழந்து, மனமொப்பாமலேயே அவனைப் பின்தொடர்ந்தவள். மகள் தன்னை அறிந்துகொள்வதற்குத் தாய் இழந்தவற்றை முதலில் கணக்கிடவேண்டியிருக்கிறது. தன்னடையாளம் என்பது முந்தைய தலைமுறையை உதறிவிட்டுப் பெறுவதன்று என்னும் இப்புரிதலே நாவலின் தனிச்சிறப்பு என்று கருதுகிறேன்.

சகுணாவின்மீது சுமத்தப்படும் எதிர்பார்ப்புகள் இருதிசையிலிருந்து வருகின்றன. பெண்ணுக்குப் புத்தகம் எதற்கு, வீட்டுவேலையன்றோ அவளுக்குரியது என்பது ஒரு திசை. மதம் மாறிய குடும்பத்திலும் அக்குரல் ஓய்ந்துவிடவில்லை. மறுதிசையில் மிஷனரிகள் நிற்கிறார்கள். அவர்களே அவளுக்குக் கல்வி அளிக்கிறார்கள்; ஆனால் ‘சுதேசக் கிறிஸ்தவப் பெண்’ நன்றியும் பணிவும் உடையவளாக, எப்போதும் ஒருபடி கீழே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். சகுணா இவ்விரண்டையும் கூர்ந்து நோக்குகிறாள், நகைக்கிறாள், சினம் கொள்கிறாள். ஒன்றிலிருந்து தப்ப மற்றொன்றிடம் அவள் தஞ்சம் புகுவதில்லை. விடுதலை அளிப்பவர்களும் ஓர் அச்சைக் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதை அத்தனை இளவயதில் எழுதிக்காட்டியது சிறிய செயலன்று.

அவர் எழுதிய காலத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பிய ஆனந்திபாய் ஜோஷி 1887 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டுகளில், சிறுவயதில் நடந்த மணத்தை ஏற்க மறுத்த ருக்மாபாயின் வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. இந்தியப் பெண்ணைப் பற்றிச் சீர்திருத்தவாதிகளும் பழமைவாதிகளும் ஆட்சியாளர்களும் ஓயாது பேசிய காலம் அது. ஒவ்வொரு பெண்ணும் ஒரு வாதத்திற்கான சான்றாகவே பார்க்கப்பட்டாள்.

நாவலும் அதற்குத் தப்பவில்லை. கிருபாபாயின் இரண்டாம் நாவலான ‘கமலா’ 1894இல் நூலானபோது அதன் துணைத்தலைப்பு ‘இந்து வாழ்க்கையின் கதை’ என்றிருந்தது. மறு ஆண்டு நூலான ‘சகுணா’வுக்கு ‘சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கையின் கதை’. உள்ளே ஒரு பெண், தான் யார் என்பதைத் தானே தீர்மானிக்கப் போராடுகிறாள். முகப்புப் பக்கம் அவளை ஒரு சமூகத்தின் மாதிரியாக அறிவித்துவிடுகிறது. கமலாவின் முடிவு இன்னும் சிக்கலானது. விதவையான அவள், தன்னை விரும்புபவனை மறுமணம் செய்ய மறுத்து, பிறர்க்கு உதவும் வாழ்வைத் தேர்கிறாள். இதை மரபுக்கு அடிபணிதல் என்பர் சிலர். மறுமணம்தான் விதவைக்கு விடுதலை என்ற அன்றைய சீர்திருத்தச் சூத்திரத்திற்கும் அவள் அடங்கவில்லை என்றே நான் வாசிக்கிறேன். அதுபோலவே ‘சகுணா’ திருமணத்தில் முடிவதைத் தோல்வி என்று மட்டும் கொள்வதும் அவசரத் தீர்ப்பு. மருத்துவராக முடியாமற்போன பெண், அந்த முடியாமையையே பொருளாக்கி எழுதிய புத்தகம் நம் கையில் இருக்கிறதே.

1998இல் ‘சகுணா’ மறுபதிப்புக் கண்டபோது ‘முதல்’ என்னும் அடைமொழி அட்டைக்கு வந்தது. அது மதிப்பளிக்கும் சொல்தான். எனினும் அதுவும் ஒரு வகைப்பாடே. இன்றைய பாடத்திட்டங்களில் தலித் வளர்பருவக் கதை, இஸ்லாமியப் பெண்ணின் கதை, பழங்குடி இளைஞனின் கதை என்று நாம் வரிசைப்படுத்தும்போது, அந்த 1895ஆம் ஆண்டு முகப்புப் பக்கத்தையே மீண்டும் அச்சிடுகிறோமோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது. உயர்சாதி ஆணின் இளமைக் கதையை ‘மனிதனின் கதை’ என்றும் ஏனையோரின் கதைகளை ‘சமூகத்தின் கதை’ என்றும் வாசிக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது.

சமூகப் பின்புலத்தை மறந்து வாசிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சாதியும் மதமும் பாலினமும் இன்றி சகுணாவின் போராட்டமே இல்லை. ஆனால் அவை அவள் போராடும் களம். அவளுடைய பெயர் அன்று. நான் அடித்த வரியின் இடத்தில் இப்போது அவள் பெயர் மட்டுமே இருக்கிறது. அதன்பின் என்ன எழுதுவது என்பதில்தான் இனி என் ஆய்வு தொடங்கவேண்டும்.