காகிதத்துக்குச் சோதனை, பிரேக்குக்கு விடுமுறை

கிள்ளானிலிருந்து காப்பார், ஜெராம் வழியாகக் கோலசிலாங்கூரை அடைந்து, தஞ்சோங் காராங்கையும் சபாக் பெர்ணத்தையும் நோக்கிச் செல்லும் பெருவழியில் இருவகை வண்டிகளைக் காணலாம். ஒன்று, செம்பனைக் குலைகளைச் சுமந்து ஆலைக்கு விரையும் லாரி. மற்றொன்று, தோட்டத் தொழிலாளி தன் மனைவி மக்களை ஏற்றிச் செல்லும் பழைய கார். முன்னதன் பிரேக்கை ஆறு மாதத்துக்கொருமுறை சோதிக்க வேண்டுமென்பது விதி. பின்னதற்கு அத்தகைய விதி ஏதுமில்லை. இந்த வேற்றுமை எவ்வாறு ஏற்பட்டதென்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நாட்டில் வியாபார நோக்குடன் செம்பனை முதன்முதலாகப் பயிரிடப்பட்டது நமது கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான். 1917ஆம் ஆண்டு ஹென்றி பொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் அதனைத் தொடங்கினார். வெட்டிய குலை தாமதமின்றி ஆலையை அடையாவிடின் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே செம்பனைத் தோட்டத்துக்கு வண்டி உயிர்நாடியாயிற்று. ஆனால் அவ்வண்டி முதலாளிக்குரியது. அதன் பழுதும் முதலாளியின் கவலை. தொழிலாளிக்குக் காலும் சைக்கிளுமே வாகனம்.

1985இல் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வந்தபின் நிலைமை மாறியது. வசதியுள்ளோர் ஓட்டி விற்ற கார்கள் காலப்போக்கில் லயத்து வாசலையும் அடைந்தன. அதே 1994இல்தான், அதுகாறும் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரிகள் நடத்திவந்த வண்டிச் சோதனை புஸ்பாகோம் என்னும் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே வண்டியின் சக்கரங்கள் உருளைகள்மேல் நிறுத்தப்பட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கும் எவ்வளவு பிடிக்கிறதென்பது அளக்கப்படுகிறது. பள்ளத்தில் நின்று அடிப்பாகத்தைப் பார்க்கிறார்கள். புகையையும் விளக்கையும் சோதிக்கிறார்கள். பஸ், லாரி முதலியவற்றுக்கு இது காலந்தவறாக் கடமை. சொந்தக் காருக்கோ, பெரும்பாலும் கைமாறும்போது மட்டுமே. பெயர் மாற்றாமல் கடன் தவணையை மட்டும் ஏற்றுக்கொண்டு காரை வாங்கும் ‘சம்பூங் பாயார்’ வழக்கத்தினால் அந்த ஒரு சோதனையும் நழுவிப்போகிறது.

பிற நாடுகள் இவ்விஷயத்தில் என்ன செய்தன? பிரிட்டன் 1960இல் பத்து ஆண்டைக் கடந்த கார்களுக்குச் சோதனையைத் தொடங்கியது. அன்று பார்த்தவை பிரேக்கு, விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றே. 1961இல் வயதெல்லை ஏழாண்டாகவும், 1967இல் மூன்றாண்டாகவும் குறைக்கப்பட்டது. அண்டையிலுள்ள சிங்கப்பூரில் மூன்றாண்டைக் கடந்த கார் ஈராண்டுக்கொருமுறையும், பத்தாண்டைக் கடந்தது ஆண்டுதோறும் சோதனைக்குச் செல்லவேண்டும்.

நம் நாட்டிலும் ஒரு முயற்சி நடந்ததுண்டு. 2009 அக்டோபர் இறுதியில், தேசிய மோட்டார்த் தொழிற் கொள்கையைத் திருத்தியமைத்த சர்க்கார், பதினைந்து ஆண்டைக் கடந்த வண்டிகளைச் சோதித்த பின்னரே சாலை வரியைப் புதுப்பிக்கலாமென்று அறிவித்தது. ஜனங்கள் கொதித்தெழுந்தனர். நவம்பர் முதிர்வதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. உயிர்காக்கும் ஏற்பாடு, பழைய வண்டிகளை ஒழித்துப் புதியனவற்றை விற்கும் தொழிற்கொள்கையோடு பிணைந்து வந்தது. புதுக் காருக்கு வழியில்லாதவன், தன் காரைப் பறிக்க வருகிறார்களென்று எண்ணியதில் வியப்பென்ன?

திட்டம் கைவிடப்பட்டபோது மகிழ்ந்தவர்களுள் நானும் ஒருவன். எங்கள் வீட்டுக் கார் பதினைந்தைத் தாண்டியது. சில ஆண்டுகளுக்குப்பின், ஈஜோக்கை அடுத்த ஒரு வளைவில், மழைநாளொன்றில், என் தகப்பனார் பிரேக்கை மிதித்தார். அது தரைமட்டும் அமுங்கியது, வண்டி நிற்கவில்லை. சாலையோரக் கால்வாய்தான் எங்களை நிறுத்தியது. அவருடைய தோளெலும்பு முறிந்தது. அதன்பின் அவரால் அரிவாள் பிடித்துக் குலை வெட்ட முடியவில்லை. பிரேக்கு எண்ணெய்க் குழாய் துருவேறி நெடுநாளாய் ஒழுகிக்கொண்டிருந்ததைப் பட்டறைக்காரர் எனக்குக் காட்டினார். பள்ளத்தில் நின்று ஒருவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அம்மாதம் சாலை வரியும் இன்சூரன்சும் தவறாது கட்டியிருந்தோம். காகிதத்தில் குற்றமேயில்லை!

இன்றைய விதியொன்றைக் கவனியுங்கள். மூன்றாண்டைக் கடந்த சொந்தக் காரை ஒருவர் செயலி வழி வாடகைக்கு ஓட்டினால், ஆண்டுதோறும் அதனைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதே காரில் தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்வாராயின் சோதனை தேவையில்லை! கட்டணம் கொடுக்கும் அந்நியனுடைய உயிருக்கு மதிப்புண்டு, பெற்ற பிள்ளையின் உயிருக்கு இல்லையென்பதா இதன் பொருள்?

புஸ்பாகோம் பெற்றிருந்த தனியுரிமை 2024 ஆகஸ்டு 31ஆம் நாளோடு முடிவுற்றது. இத்துறையைப் பிறருக்கும் திறந்துவிடச் சர்க்கார் முடிவு செய்தது. நிலையங்கள் பெருகட்டும், நல்லதே. ஆயினும் அவை நகரங்களோடு நின்றுவிடலாகாது. ஏழைக்கு ஏற்ற கட்டணத்தில், பழுதைச் சீர்செய்யத் தவணை கொடுத்து, தோட்டப்புறத்துக்கே வந்து சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். தவறிய காரைப் பறிப்பதற்காக அல்ல, திருத்தி ஓட்டுவதற்காகவே சோதனையென்று ஜனங்களுக்கு விளங்கிவிட்டால், 2009இன் எதிர்ப்பு மீண்டும் எழ நியாயமில்லை.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. தோட்டத்து லாரிக்கு எண்ணெய் மாற்றிய நாளையும், பிரேக்கு பார்த்த நாளையும் கணக்கில் எழுதுவது கிராணியாகிய என் வேலைகளுள் ஒன்று. கால்வாயில் விழுந்த பின்னர்தான் அத்தகைய கணக்கொன்றை எங்கள் வீட்டுக் காருக்கும் தொடங்கினேன். புதிதாய் வாங்கிய காரின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க நாம் மறப்பதில்லை. அந்தச் சக்கரத்தின் உட்புறத்தையும் ஆண்டுக்கொருமுறையேனும் பட்டறைக்காரரிடம் காட்டுவோமாக. டயரின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்ததா, பிரேக்கு எண்ணெய் இறங்கியதா என்று பார்க்க அதிக நேரமோ பணமோ வேண்டியதில்லை. என் தகப்பனாரின் தோளுக்கு அதைவிட எத்தனையோ மடங்கு செலவாயிற்று.