தூரிகை பிடித்த கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தாவரச் சித்திரங்களை விஞ்ஞானியின் சாதனையாக மட்டுமே கருத நாம் பழகிவிட்டோம். பென்சிலால் உருவரை இட்டு, பிசின் கலந்த அடர்ந்த நீர்வண்ணம் பூசி, இலை நரம்பையும் மகரந்தப் பையையும் பிழையறக் காட்டிய கை எவருடையது?

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தவர் ரொபேட் வைட். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட இந்தியத் தாவரப் படநூல் ஆறு தொகுதிகளையும் 2,101 படங்களையும் கொண்டது. அதற்கு உழைத்த ஓவியருள் முதன்மையானோர் ரங்கையாவும், அவருக்குப் பின் வந்த கோவிந்துவுமாவர். கம்பெனிக்கோ தாவர அறிவு வெறும் அழகுணர்ச்சியன்று. இங்கிலாந்தின் ஆலைகளுக்கேற்ற அமெரிக்கப் பருத்தியைக் கோயம்புத்தூரிற் பயிரிடும் சோதனையை 1842 முதல் நடத்தியவரும் இதே வைட்தான்.

வைட் நன்றி மறந்தவரல்லர். 1853இல் ஓர்க்கிட் பேரினம் ஒன்றுக்கு 'கோவிந்துவியா' எனப் பெயரிட்டார். ஆயின், அப்பேரினத்துக்கு லின்ட்லி என்னும் ஆங்கிலேயர் 1833இலேயே 'திரொப்பிடியா' எனப் பெயர் சூட்டியிருந்தார். முந்திய பெயரே நிலைக்கும் என்பது தாவரவியல் விதி. ஓவியனின் பெயர் வழக்கொழிந்தது.

விதியை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஓர் உழைப்பாளியின் பெயர் நிலைப்பது எசமானின் நன்றியுணர்வை மட்டுமே நம்பியிருப்பின், அது எவ்வளவு எளிதில் அழிந்துவிடுகிறது! வகுப்பறையில் வைட்டின் நூலைப் பற்றிப் பேசும்பொழுது ரங்கையாவையும் கோவிந்துவையும் சேர்த்தே சொல்வோம். அது சலுகையன்று, வரலாற்றைச் சரியாகச் சொல்லுதலேயாகும்.