நொதிகளின் செயலில் உஷ்ணத்தின் விளைவு (பள்ளிப் பரிசோதனை)

உயிரணுக்களில் உண்டாகி, தாம் செலவாகாமலே இரசாயன மாற்றங்களைத் துரிதப்படுத்தும் பொருள்களுக்கு நொதிகள் என்று பெயர். இவை பெரும்பாலும் புரதங்களே. 1833-இல் பாயன், பெர்சோ என்னும் பிரெஞ்சு அறிஞர்கள் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து டயஸ்டேஸ் என்னும் நொதியைப் பிரித்தெடுத்தனர். 1926-இல் அமெரிக்கரான சம்னர் யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக்கி, அது புரதமே என நிறுவினார்.

செய்முறை: உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் சிதைத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக்கும். மாவுச்சத்துக் கரைசலையும் நீர் கலந்த உமிழ்நீரையும் தனித்தனிக் குழாய்களில் இட்டு, பனிக்கட்டி நீர், அறையின் உஷ்ணம், 37 பாகை செல்சியஸ் வெந்நீர் ஆகியவற்றில் நிறுத்தி, இரண்டும் அந்தந்த உஷ்ணத்தை எய்திய பின்னரே கலந்து, நிமிஷத்துக்கு ஒரு துளி வீதம் எடுத்து அயோடினோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீலக்கருமை தோன்றாதொழியும் நேரமே மாவுச்சத்து தீர்ந்த நேரமாகும். கொதிக்கவைத்து ஆற்றிய உமிழ்நீரையும் ஒரு குழாயில் ஒப்புநோக்க வைத்தல் அவசியம்.

விளைவும் காரணமும்: 37 பாகையில் நிறம் விரைவில் மறையும், பனிக்கட்டி நீரில் நெடுநேரம் நிற்கும், கொதித்த உமிழ்நீரில் மறையவே மறையாது. உஷ்ணம் ஏற ஏற மூலக்கூறுகள் விரைந்தோடி அடிக்கடி மோதுவதால் வேகம் கூடுகிறது. ஓர் எல்லை கடந்தால் புரதத்தின் மடிப்புகள் குலைந்து, மாவுச்சத்து வந்து பொருந்தும் இடமே உருவழிகிறது. குளிர்ந்த குழாயை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் நொதி மீண்டும் இயங்கும், கொதித்தது மீளாது. குளிரில் நேர்வது உறக்கம், கொதிப்பில் நேர்வது அழிவு என்னும் இந்த பேதத்தை மாணவன் தன் கண்ணாலேயே காண்பதுதான் பரிசோதனையின் முக்கிய பிரயோஜனம்.

எச்சரிக்கை: சூடான கரைசலில் அயோடினின் நீலநிறம் தானே மறைந்து, ஆறியதும் திரும்புமாதலால், துளியை ஆறவிட்டே சோதிக்க வேண்டும். திருத்தணியை அடுத்த ஆர்.கே.பேட்டை போன்ற ஊர்களில் சித்திரை, வைகாசி மாதங்களில் பகலுஷ்ணம் 40 பாகையையும் தாண்டக்கூடுமாகையால், 'அறையின் உஷ்ணம்' என்று வாளா எழுதாமல் வெப்பமானியைப் பார்த்து எண்ணைக் குறித்தல் வேண்டும்; அன்றேல் அக்குழாய்க்கும் 37 பாகைக் குழாய்க்கும் வேற்றுமை தோன்றாத காரணம் விளங்காது.

பயன்: ஆர்.கே.பேட்டை நெசவாளர் நன்கறிந்தது பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வழக்கம். ஆலைகளில் சாயமேற்றுமுன் துணியிலிருந்து அத்தகைய கஞ்சியை நீக்க அமைலேஸையே பயன்படுத்துகின்றனர். ஆயின் அது 60 பாகைக்கு மேலும் சிதையாத பாக்டீரியா நொதி. எனவே உகந்த உஷ்ணம் எல்லா நொதிக்கும் ஒன்றன்று. அந்தந்த நொதியின் அமைப்பையும் அது தோன்றிய உயிரின் வாழ்விடத்தையும் பொறுத்தது.