நாற்சார் வீட்டில் ஒரு கந்தோர்

யாழ்ப்பாணத்தில் இன்று மென்பொருள், கணக்கு, வரைகலை வேலைகள் நடக்கும் இடங்களில் பல அலுவலகத்துக்கென்று கட்டப்பட்டவை அல்ல. திருநெல்வேலியிலோ கொக்குவிலிலோ ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் வீடுகள் அவை. உரிமையாளர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார். மண்டபத்தில் பத்து மேசை, படுக்கையறைகளில் ஆளுக்கொரு மூலை, சாமியறை இருந்த இடத்தில் இணையப் பெட்டி.

படித்த பிள்ளைகள் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகாமல் இங்கேயே இருந்து உழைக்க வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறோம். அவர்கள் உட்காரப்போகும் அறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம் என்று வேலை நேரத்தை வரையறுக்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் பாதி அந்த அறையில்தான் கழிகிறது.

எங்கள் அப்புமார் அலுவலகத்தைக் கந்தோர் என்றார்கள். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல் அது. மேசை, கதிரை, யன்னல், அலுமாரி எல்லாம் போர்த்துக்கேயர் தந்தவை. அண்மையில் வந்து சேர்ந்திருப்பது தடுப்பில்லாத திறந்த மண்டபம். 1950களில் ஜேர்மனியின் ஷ்னெல்லே சகோதரர்கள் அதற்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்கள். செடிகளும் தாழ்ந்த தட்டிகளும் அதில் உண்டு. 1960களில் அமெரிக்காவின் ஹேர்மன் மில்லர் நிறுவனத்துக்காக றொபேர்ட் புறொப்ஸ்ட், நகர்த்தக்கூடிய தடுப்புகளும் உயரம் மாறும் மேசைகளும் கொண்ட அமைப்பொன்றை உருவாக்கினார். வாங்கிய கம்பனிகள் அதையே நெருக்கமான பெட்டிகளாகச் சுருக்கிக்கொண்டன. நாங்கள் எடுத்துக்கொண்டது அதிலும் மலிவான வடிவம்: இடைச்சுவரை இடி, மேசைகளை வரிசையாகப் போடு.

ஒன்றாக இருந்தால் ஒன்றாகப் பேசுவார்கள் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். 2018இல் ஹாவார்ட் ஆய்வாளர்கள் இரண்டு பெரிய நிறுவனங்களில் இதை அளந்து பார்த்தார்கள். திறந்த மண்டபத்துக்கு மாறிய பின்னர் முகம் பார்த்துப் பேசுவது ஏறக்குறைய 70 வீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. எல்லோர் பார்வையிலும் இருப்பவர் காதுக்குள் கருவியைச் செருகிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார். இங்கே இன்னொரு சங்கதியும் உண்டு. தொலைபேசியில் நாங்கள் மெதுவாகப் பேசப் பழகாதவர்கள். ஒருவர் வாடிக்கையாளரோடு பேசினால் ஒன்பது பேரின் வேலை நிற்கும்.

இதற்கான விடை பழைய நாற்சார் வீட்டிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். நடுவில் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றி உள்விறாந்தை, அதற்கப்பால் அறைகள், வாசலில் திண்ணை. சத்தத்தை வகை பிரிக்க இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேண்டியதில்லை. வந்து போவோரைத் திண்ணையோடு வைத்துக்கொள்ளலாம். தொலைபேசிப் பேச்சும் கூடிப் பேசுவதும் உள்விறாந்தையில் நடக்கட்டும். அறைகள் மௌனத்துக்கு. வாசிகசாலையில் பேசக்கூடாது என்பது எங்கள் ஊர்களில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த ஒழுங்கை ஓர் அறைக்கு மட்டும் கொண்டுவந்தாலே போதும்.

வீடு அலுவலகமாவது ஒன்றும் குறைவான காரியமல்ல. கொழும்பு அல்பிரட் ஹவுஸ் வீதியில் 1960களின் தொடக்கத்தில் ஒரு மருத்துவருக்கென ஜெஃப்ரி பாவா வடிவமைத்த வீடு, பின்னர் அவருடைய கட்டடக்கலை அலுவலகமாகவே பல ஆண்டுகள் இயங்கியது. முற்றங்கள் தொடராக அமைந்த கட்டடம். இன்று அது உணவகம். சுவரை இடிக்காமலே பயன்பாடு மாறலாம் என்பதற்கு நான் அடிக்கடி காட்டும் உதாரணம் இதுதான்.

அதிகம் கவனிக்கப்படாத விடயம் காற்று. சுவரில் மாட்டும் சாதாரண குளிரூட்டி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர் கதவடைத்து இருந்தால், மூச்சில் வெளிவரும் காபனீரொட்சைட்டு அங்கேயே தேங்கும். மதியத்துக்குப் பின் வரும் தலையிடிக்கும் தூக்கத்துக்கும் சோற்றையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம். 2015இல் வெளியான இன்னொரு ஹாவார்ட் ஆய்வில், நல்ல காற்றோட்டமுள்ள நாட்களில் ஊழியர்களின் முடிவெடுக்கும் திறன் தெளிவாக உயர்ந்திருந்தது. 24 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய ஆய்வு என்பதையும் சொல்லவேண்டும். செலவில்லாத பரிகாரம் ஒன்றுண்டு: இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை எதிரெதிர் யன்னல்களைப் பத்து நிமிடம் திறந்துவிடுவது. சோளகம் வீசும் மாதங்களில் தென்மேற்கு யன்னலைத் திறந்து கூரை விசிறியையும் போட்டால், பல வீடுகளில் காலை வேளையில் குளிரூட்டியே தேவைப்படாது. தட்டைக் கூரைக்குக் கீழிருக்கும் மேல்மாடி வேறு கதை. அங்கே மதியத்துக்குப் பின் ஆட்களை இருத்தாமல் கீழே இறக்குவதுதான் நல்லது.

வெளிச்சத்துக்கு 500 லக்ஸ் என்பது எழுத்து, கணினி வேலைகளுக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவு. அதைவிட முக்கியம் திரை நிற்கும் திசை. யன்னலுக்கு முதுகு காட்டினாலும் முகம் காட்டினாலும் கண் கூசும், பக்கவாட்டில் இருக்கவேண்டும். வடக்கு யன்னல் நல்லதுதான். ஆனால் யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துச் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்திருப்பதால் அங்கும் ஒரு தாழ்வாரம் தேவை.

நெகிழ்வு என்பதை இங்கே சில்லுப் பூட்டிய கதிரையாக மட்டும் பார்க்க முடியாது. லண்டனில் காலை 9 மணி என்றால் எங்களுக்குக் கோடையில் பிற்பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. அதனால் ஒரே மேசையில் காலையில் ஒருவரும் பின்னேரம் இன்னொருவரும் இருக்கும்படி ஒழுங்கு செய்யலாம். அப்படியானால் உயரம் மாற்றக்கூடிய கதிரைக்கும் ஆளுக்கொரு பூட்டுள்ள இழுப்பறைக்கும் முதலில் செலவழியுங்கள்; சுவரில் ஊக்கமூட்டும் வாசகம் பிறகு பார்க்கலாம். இரவு பத்தரைக்கு வேலை முடிக்கும் பெண்பிள்ளைக்கு ஒழுங்கையில் விளக்கும் வீடு சேர வாகனமும் உறுதியாக இருக்கவேண்டும். இதைச் செய்ய முடியாத நிறுவனம் அவரை அந்த நேரத்தில் வீட்டிலிருந்து வேலைசெய்ய விடவேண்டும்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் அப்படித்தான். கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்படும், ஒலிபெருக்கி ஓயாது. நாட்காட்டியில் முன்கூட்டியே தெரிந்த விடயத்துக்கு விடுமுறைச் சண்டை எதற்கு? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை மறந்துவிடவும் கூடாது. மின்கலச் சேமிப்பை முதலில் இணையத்துக்கும் விசிறிக்கும் விளக்குக்கும் ஒதுக்கினால், குளிரூட்டி இல்லாமலே அரை நாள் ஓட்டலாம். யன்னல் திறக்கக்கூடியதாக இருந்தால் மட்டும்.

யன்னல் திறக்குமா என்பது பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தில் முடிவாகிறது. ஆணி அடிக்கக்கூடாது என்ற ஒரு வரியோடு பல ஒப்பந்தங்கள் நின்றுவிடுகின்றன. அடைத்த யன்னலைத் திறப்பது, முற்றத்துக்கு மேல் போட்ட தகரத்தைக் கழற்றுவது, தாழ்வாரம் இறக்குவது ஆகியவற்றுக்கான அனுமதியையும் செலவை வாடகையில் கழிக்கும் முறையையும் கையொப்பத்துக்கு முன்னரே எழுதிக்கொள்ளுங்கள். உரிமையாளர் ரொறன்ரோவில் இருந்தால் அவருக்கு முற்றத்தின் படத்தை அனுப்பிக் கேளுங்கள். சிறுவயதில் அங்கே விளையாடியவராக இருந்தால் பெரும்பாலும் சம்மதிப்பார்.