பூனையின் மணல் பெட்டி: ஒரு வரலாறு

பிறந்த முதல் மூன்று வாரங்களில் பூனைக்குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்கத் தெரியாது. தாய் அதன் அடிவயிற்றையும் பின்புறத்தையும் நாவால் நக்கித் தூண்டிய பிறகுதான் கழிவு வெளியேறும். வெளியேறியதைத் தாயே நக்கி விழுங்கிவிடும். குட்டிகள் கிடக்கும் இடம் நாறாமலும், வாடை பிடித்து எதிரி வந்துவிடாமலும் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. நான்காவது வாரத்தை ஒட்டிக் குட்டி தள்ளாடியபடி வெளியே வருகிறது. பொலபொலவென்ற மண் காலில் பட்டதும் முன்னங்கால்களால் பறிக்கத் தொடங்குகிறது. தாயைப் பிரிந்து புட்டிப்பாலில் வளர்ந்த குட்டிகளும் இதையே செய்கின்றன. பூனைக்குட்டியைப் ‘பழக்குவது’ என்று மனிதர் சொல்லும் வேலையில் பெரும்பகுதியை, ஆகவே, குட்டியே பிறவியில் கொண்டு வந்துவிடுகிறது. எந்த மண், எங்கே, எவ்வளவு சுத்தமாக என்பது மட்டுமே மனிதர் பக்கத்துப் பொறுப்பு. அந்தப் பொறுப்பை மனிதர் கற்றுக்கொண்ட கதைதான் மணல் பெட்டியின் வரலாறு.

மண்ணைத் தேடும் இந்தக் குணம் பூனையின் பூர்விகத்திலிருந்து வருகிறது. உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை வழியில் வந்தவை என்று 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்திய ஒரு புதைகுழியில் மனித எலும்புக்கூட்டின் அருகே ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்தது. நீர் அரிதான நிலத்தில் வாழ்ந்த இனமாதலால், பூனையின் சிறுநீரகம் நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெளியேறும் சிறுநீர் அளவில் சிறிது, செறிவில் மிகப் பெரிது. அதிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா எழுகிறது. ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற அமினோ அமிலமும் மிகுதியாகச் சேர்ந்து, விலகாத நெடியைக் கொடுக்கிறது. வெளியில் திரியும் பூனைகள் எல்லாக் கழிவையும் மூடுவதில்லை. தம் எல்லை ஓரங்களில் மூடாமலும் விட்டுச் செல்வதுண்டு. தங்கி உறங்கும் இடத்தருகே மூடும் வழக்கமே வலுவானது. இந்த வேறுபாடு பூனை வளர்ப்போர் அறிய வேண்டியது. பூனை மண் தேடுவது மனிதருக்காகச் சுத்தம் பேணுவதற்கு அல்ல. தன் வாடையை எங்கே மறைப்பது, எங்கே விடுவது என்று அதற்கென ஒரு கணக்கு இருக்கிறது.

களஞ்சியத்தில் எலி பிடிக்க வந்து குடியேறிய காலம் முதல் பல ஆயிரம் ஆண்டுகள் பூனையின் கழிவைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. பூனை வீட்டுக்குள் உறங்கினாலும் தேவைக்கு வெளியே போய் வந்தது. கொல்லையும் தோட்ட மண்ணும் உள்ள தமிழ்நாட்டு ஊர்களில் இன்றும் அப்படித்தான். சிக்கல் தொடங்கியது நகரத்தில், அதுவும் மாடி வீடுகளில்.

19-ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. டார்செட் மாவட்டப் பாதிரியாரான ஹென்றி மூல் 1860-இல் ‘மண் கழிப்பிடம்’ ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். கழிவின் மேல் சலித்த உலர்மண்ணை விழச் செய்தால் நாற்றம் அடங்கிவிடுவதை அவர் கண்டிருந்தார். பூனை என்றென்றும் செய்துவந்ததை மனிதர் இயந்திரமாக்கிய கதை என்றே இதைச் சொல்லலாம். 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வியர் நடத்திய பூனைக் கண்காட்சி, எலி பிடிக்கும் வேலையாளாக இருந்த பூனையை வம்சம் பார்த்து வளர்க்கும் செல்லமாக உயர்த்தியது. விலை உயர்ந்த பூனையைத் தெருவில் விட மனம் வராது. அதைக் கூண்டிலும் அறையிலும் அடைத்து வளர்த்தோர் ஒரு தட்டில் மணலோ, தோட்ட மண்ணோ, மரத்தூளோ, கிழித்த செய்தித்தாளோ நிரப்பி வைத்தார்கள். கரி அடுப்பும் கணப்பும் இருந்த வீடுகளில் சாம்பல் செலவில்லாமல் கிடைத்தது. சாம்பலில் நடந்த பூனை வீடெங்கும் கரிய பாதச் சுவடுகளைப் பதித்தது. மணல் ஈரத்தை உறிஞ்சாமல் அடியில் தேக்கியது. குளிர்நாடுகளில் வெளியே குவித்து வைத்த மணல் பனிக்காலத்தில் கல்லாக உறைந்தது.

1947 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துச் சிற்றூரான கசோபொலிஸில் அப்படித்தான் ஒரு வீட்டு மணல் உறைந்துபோனது. அங்கே குடியிருந்த பெண்மணி பூனைக்குச் சாம்பலைப் போட்டுப் பார்த்து, கரிச் சுவடுகளைத் துடைத்து அலுத்து, பக்கத்தில் வசித்த எட்வர்ட் லோவிடம் கொஞ்சம் மணல் கேட்டார். கடற்படையில் பணியாற்றித் திரும்பியிருந்த 26 வயது லோ, தந்தையின் வணிகத்தில் இருந்தார். தொழிற்கூடங்களின் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்ச மரத்தூளும், சூளையில் உலர்த்திய களிமண் குருணையும் விற்கும் வணிகம் அது. மணலுக்குப் பதிலாக அந்தக் களிமண்ணை ஒரு பை கொடுத்து அனுப்பினார். சில நாளில் அந்தப் பெண்மணி திரும்பி வந்து, இனி அதைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்றார். நாற்றம் இல்லை, சுவடு இல்லை, பூனைக்கும் பிடித்திருந்தது.

லோ பத்துப் பைகளில் ஐந்து ஐந்து பவுண்டாக அடைத்து, ‘கிட்டி லிட்டர்’ என்று கையால் எழுதி, பை ஒன்று 65 சென்ட் என்று விலை வைத்து ஒரு கடைக்குக் கொண்டுபோனார். மணல் ஏறக்குறைய சும்மாவே கிடைக்கும்போது மண்ணுக்கு யார் இவ்வளவு கொடுப்பார்கள் என்று கடைக்காரர் தயங்கினார். அப்படியானால் இலவசமாகக் கொடுங்கள் என்றார் லோ. இலவசமாக வாங்கிப் போனவர்கள் காசோடு திரும்பி வந்தார்கள். பிறகு அவர் மூட்டைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பூனைக் கண்காட்சிகளுக்குப் போனார். கூண்டுகளைச் சுத்தம் செய்து தருவதற்கு ஈடாகக் கடை போட இடம் கேட்டார். தற்செயலாகக் கிடைத்த பொருள்தான் என்றாலும், அதை நிலைநிறுத்தியது இந்த அலைச்சலும் உழைப்பும்.

அவர் கொடுத்த மண்ணுக்கும் ஒரு பழைய வரலாறு உண்டு. ஆட்டுமயிரில் உள்ள எண்ணெய்ப்பிசுக்கை நீக்கக் கம்பளி நெய்வோர் ரோமானியர் காலம் முதல் ஒருவகைக் களிமண்ணைத் தேய்த்து மிதித்தார்கள். மிதிப்போரின் தொழிற்பெயரே ஆங்கிலத்தில் மண்ணுக்கும் ஒட்டிக்கொண்டு ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ ஆயிற்று. தமிழ்நாட்டில் முகத்துக்குப் பூச விற்கும் முல்தானி மட்டி இந்த வகையைச் சேர்ந்தது. வண்ணார் வெள்ளாவியில் இட்ட உவர்மண் வேறு. அது காரத்தால் அழுக்கைக் கரைப்பது. இந்தக் களிமண் எதையும் கரைப்பதில்லை, ஈரத்தையும் எண்ணெயையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. ஜார்ஜியா மாநிலத்து அட்டபல்கஸ் என்ற ஊரின் பெயரால் அட்டபல்ஜைட் எனப்படும் கனிமம் இதற்கு நல்ல சான்று. அதன் படிகங்கள் ஊசிபோல் நீண்டவை, உள்ளே நுண்ணிய கால்வாய்கள் ஓடுபவை. சூளையில் சூடாக்கினால் குருணை கரையாமல் உறுதிப்படுகிறது, உறிஞ்சும் திறனும் கூடுகிறது.

இந்த மண் மட்டும் வந்திருந்தால் பூனை வீட்டுக்குள் வந்திருக்காது. அதே காலத்தில் குளிர்சாதனப் பெட்டியும், டப்பாவிலும் பையிலும் அடைத்த உணவும் பரவின. மயக்கமருந்தும் தொற்றைத் தடுக்கும் மருந்துகளும் கருத்தடை அறுவையை ஆபத்தற்றதாக்கின. பூனை இரை தேடவோ இணை தேடவோ வெளியே போகும் தேவை குறைந்தது. மீதமிருந்த ஒரே காரணத்தைக் களிமண் பை நீக்கியது. 1964-இல் லோ மளிகைக் கடைகளுக்கென ‘டைடி கேட்’ என்ற பெயரில் ஒரு வகையைக் கொண்டுவந்தார். 1980-களின் நடுவில் அமெரிக்க வீடுகளில் பூனைகளின் எண்ணிக்கை நாய்களை முந்தியது. 1990-இல் அவர் நிறுவனத்தைச் சுமார் 20 கோடி டாலருக்கு விற்றார். 1995-இல் மறைந்தார்.

பெட்டி வந்தபின் பழக்கும் முறை தானாகத் திருந்திவிடவில்லை. தவறான இடத்தில் கழித்த குட்டியின் மூக்கை அதிலேயே தேய்ப்பது, அடிப்பது, அதட்டுவது ஆகியவை நாய் வளர்ப்பிலிருந்து வந்த வழக்கங்கள், நாய்க்கும் பயன் தராதவை. பூனை தண்டனையைச் செயலோடு இணைத்துப் புரிந்துகொள்வதில்லை. ஆளோடும் இடத்தோடும் இணைத்துக்கொண்டு, அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் மறைவாகக் கழிக்கப் போகிறது. வேறொரு திசையில், ஜாஸ் இசைக்கலைஞர் சார்லஸ் மிங்கஸ், பூனையைப் படிப்படியாக மனிதரின் கழிப்பறைக்கே பழக்கும் வழியை விளக்கி ஒரு சிறு கையேடு எழுதினார். அவருடைய பொறுமை வியக்கத்தக்கது. ஆயினும் கால்நடை மருத்துவர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. வழுக்கும் விளிம்பில் தொற்றி நிற்கும் பூனைக்குப் பறிக்க மண் இல்லை, மூட வழியும் இல்லை.

பெட்டியைச் சுத்தமாக வைத்திருக்க 1970-இல் நலவாழ்வு சார்ந்த ஒரு காரணமும் சேர்ந்தது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முழு வாழ்க்கைச் சுழற்சி அந்த ஆண்டு தெளிவாயிற்று. அதைக் கண்டறிந்தோரில் இந்தியாவில் பிறந்த ஜே. பி. துபேயும் ஒருவர். பூனையின் குடலில்தான் அது முட்டை போன்ற உறைகளை உருவாக்குகிறது. கருவுற்ற பெண்ணுக்கு முதன்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கக்கூடும். ஆனால் கழிவோடு வெளியேறிய உறை தொற்றும் தன்மை பெற 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் அள்ளிவிட்டால் பெரும்பாலான ஆபத்து நீங்குகிறது. கருவுற்ற பெண் இந்த வேலையை மற்றவரிடம் விடுவது நல்லது. தொற்றிய பூனையும் ஓரிரு வாரங்கள் மட்டுமே உறைகளை வெளியேற்றும். வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, பச்சை இறைச்சி தின்னாத பூனைக்குத் தொற்று அரிது. இந்த விவரம் சரியாகச் சொல்லப்படாததால் கருவுற்ற பெண்கள் உள்ள வீடுகளிலிருந்து பூனைகள் தேவையின்றி விரட்டப்படுவது வருத்தத்துக்குரியது.

ஆனால் தினமும் அள்ளுவதற்கு அன்றிருந்த களிமண் ஒத்துழைக்கவில்லை. சிறுநீர் பரவி அடியில் ஊறும். சில நாளுக்கு ஒருமுறை தட்டு முழுவதையும் கொட்ட வேண்டும். அதுவரை பூனை ஊறிய மண்ணில் கால் வைக்க வேண்டும். 1984-இல் தாமஸ் நெல்சன் என்ற உயிர்வேதியியலாளர் பென்டோனைட் களிமண்ணைக் கொண்டு கட்டிபிடிக்கும் மணலை உருவாக்கினார். வயோமிங் மாநிலத்தில் பெருமளவில் கிடைக்கும் இந்தக் களிமண், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் விழுந்த எரிமலைச் சாம்பலிலிருந்து உருவானது. அதன் மெல்லிய தகடுகளுக்கிடையே உள்ள சோடியம் நீரை உள்ளே இழுக்கிறது. களிமண் பலமடங்கு உப்பி, நனைந்த இடம் மட்டும் உருண்டையாகிறது. உருண்டையைச் சல்லடைக் கரண்டியால் அள்ளினால் மீதி மணல் உலர்ந்தே இருக்கும். சூளைக் களிமண்ணைவிடப் பெரிய மாற்றம் இதுதான் என்று சொல்ல இடமுண்டு. பெட்டி எந்நேரமும் சுத்தமாக இருப்பதே பூனை அதை மாறாமல் பயன்படுத்துவதற்கான முதல் நிபந்தனை. அதை எளிதாக்கியது இந்த மண்.

1990-களில் பூனை நடத்தை ஆய்வாளர் பீட்டர் போர்ச்செல்ட் பலவகை மணல்களைப் பூனைகளின் முன் வைத்துப் பார்த்தபோது, நுண்மணலாக இருந்த கட்டிபிடிக்கும் களிமண்ணையே அவை அதிகம் நாடின. பாலைநிலத்துப் பாதங்கள் நுண்மணலைத் தேடுவதில் வியப்பில்லை. குட்டிகள் விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. எட்டு வாரம் ஆகாத குட்டி எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், வயிற்றில் பென்டோனைட் உப்பக்கூடும். அதுவரை கட்டிபிடிக்காத வகையே பாதுகாப்பானது.

அமெரிக்க, பன்னாட்டுப் பூனை மருத்துவ அமைப்புகள் இரண்டு சேர்ந்து 2014-இல் வெளியிட்ட வழிகாட்டல், அதுவரை கண்டவற்றைத் தொகுத்தது. பூனைகளின் எண்ணிக்கையைவிடப் பெட்டி ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். பெட்டியின் நீளம் பூனையின் உடல்நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு வேண்டும். நறுமணம் சேர்க்காத மணலை, சந்தடியற்ற இடத்தில், உணவுத்தட்டிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். தினமும் அள்ள வேண்டும். கடையில் விற்கும் பெட்டிகள் பலவும் வளர்ந்த பூனைக்குச் சிறியவை. நறுமணம் மனிதர் மூக்குக்காகச் சேர்ப்பது, பூனைக்கு அது இடைஞ்சல்.

இந்த அறிவிலிருந்து குட்டியைப் பழக்கும் முறையும் எளிமையாயிற்று. வந்த புதிதில் குட்டியை ஒரு சிறிய அறையில் வைத்து, ஏறி இறங்க வசதியான தாழ்ந்த விளிம்புள்ள தட்டைக் கண்ணில் படும்படி வைக்கிறார்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாடி ஓய்ந்ததும் தூக்கி அதில் விடுகிறார்கள். காலைப் பிடித்துக் கீறிக் காட்டத் தேவையில்லை, அது குட்டியை மிரட்டவே செய்யும். தவறிக் கழித்த இடத்தை வாடை மிச்சமில்லாமல், நொதி கலந்த திரவத்தால் துடைக்கிறார்கள். மணலை மாற்ற நேர்ந்தால் பழையதோடு புதியதைச் சிறிது சிறிதாகக் கலக்கிறார்கள். நன்றாகப் பழகிய பூனை திடீரென்று பெட்டியைத் தவிர்த்தால் முதலில் பார்க்க வேண்டியவர் கால்நடை மருத்துவர். சிறுநீர்ப்பையில் வலி கண்ட பூனை, வலிக்குக் காரணம் பெட்டிதான் என்று எண்ணி விலகுவதுண்டு. நின்றபடி சுவரில் பீய்ச்சும் ஆண் பூனையின் செயல் வேறு வகை, எல்லை குறிப்பது. 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், விதைநீக்கம் செய்த பூனைகளில் பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது அதை நிறுத்திவிட்டன. காப்பகங்களில் பூனைகள் கைவிடப்படும் காரணங்களில் கண்ட இடத்தில் கழிப்பது முன்னணியில் இருக்கிறது. இத்தகைய தவறுகளில் பல பெட்டியின் அளவாலும் அழுக்காலும் வந்தவை என்பதை நினைத்தால், இந்தச் சிறு விவரங்களின் எடை தெரியும்.

களிமண்ணுக்கு மாற்றுகளும் வந்துள்ளன. முதல் உலகப் போர்க்கால வேதியியலில் உருவான சிலிக்கா ஜெல் 1990-களின் இறுதியில் பூனை மணலாயிற்று. அழுத்திய மரத்தூள், பழைய காகிதம், கோதுமை, சோயா சக்கை ஆகியவை மக்கக்கூடியவை. இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதிப் பென்டோனைட் பூனை மணலாகிறது. சென்னையின் அடுக்ககங்களிலும் ‘லிட்டர் பாக்ஸ்’ தெரிந்த சொல்லாகிவிட்டது. பயன்படுத்திய மணலை எங்கே போடுவது என்பதுதான் இன்னும் முழுமையாகத் தீராத கேள்வி. களிமண் மக்காது, கழிப்பறையில் கொட்டினால் குழாயை அடைக்கும். டாக்ஸோபிளாஸ்மா உறைகளோ கழிவுநீர்ச் சுத்திகரிப்பைத் தாண்டிக் கடலுக்குப் போகக்கூடியவை. கலிபோர்னியக் கரையோரக் கடல் நீர்நாய்கள் அந்தத் தொற்றால் மடிவது தெரிந்தபின், பூனைக் கழிவைக் கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாமென மணல் பைகளின் மேல் அச்சிட வேண்டும் என்று அந்த மாநிலம் 2006-இல் சட்டம் இயற்றியது.